எஃப் டிரைவில் இல்லாத பதிவு

டாக்டர் கேட்ட பதிவு சர்வரில் இல்லை. டெக்னீஷியன் மூன்றாம் முறையாகத் தேடிப் பார்த்தாள்.

காலையில் நாலு வயதுச் சிறுமிக்கு எடுத்த மூளை அலைப் பதிவு அது. பதிவுக்குப் படுத்ததும் தூங்க வேண்டும் என்பதற்காக, இரவெல்லாம் கண்மூட விடாமல் வைத்திருந்து கூட்டி வந்திருந்தாள் தாய்.

"கிடைக்கலன்னா சாயங்காலம் மறுபடி எடுக்கணும். அதுவரைக்கும் தூங்க விட வேணாம்னு சொல்லிடு" என்றிருந்தார் டாக்டர். வராந்தாவில் சிறுமியின் அழுகை கேட்டது.

கம்ப்யூட்டர்காரரைப் போனில் பிடித்தாள்.

"அந்தக் கிழட்டு விண்டோஸ்ல எஃப் டிரைவ், அதான் சர்வர் ஃபோல்டர், தெரியுதா?"

"இல்ல சார். காலைல இருந்துச்சு. அதுலதான் சேவ் பண்ணேன்."

"இருந்திருக்காதே! நேத்து ராத்திரியே சர்வர் பாஸ்வேர்டை மாத்திட்டோம். பழசை வச்சுக்கிட்டு உங்க மிஷின் உள்ள வந்திருக்க முடியாது. பென்டிரைவ் ஏதாவது செருகினீங்களா?"

செருகியிருந்தாள். அக்காவின் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி திருத்த.

"அதான். எஃப் காலியா கிடக்குதுன்னு பென்டிரைவ் போய் உக்காந்துக்கிச்சு. உங்க சாஃப்ட்வேருக்கு எஃப்னா எஃப். யாரு உக்காந்திருக்கான்னு எல்லாம் பார்க்காது. அதை எடுங்க."

அதை அக்கா வாங்கிப் போய் ஒரு மணி நேரமாகிறது. உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கக்கா?"

"எதிர்ல பிரிண்ட் கடைலதான். உன் பென்டிரைவ்ல என்னடி குப்பை? வெறும் நம்பரா ஒரு ஃபைல். வைரஸா இருக்கும், அழிச்சிடறேங்கறார் கடைக்காரர்."

"அவர் கையப் பிடி!"

"முன்னபின்ன தெரியாத ஆள் கையவா?"

"பிடி அக்கா!"

படிகளில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினாள். கடையில் அக்கா மவுஸை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஃபைல் அப்படியே இருந்தது.

திரும்பி வந்து, கம்ப்யூட்டர்காரர் போனில் சொல்லச் சொல்ல, சர்வரின் ஃபோல்டரைப் புதுப் பாஸ்வேர்டோடு மறுபடி எஃப் என்று இணைத்தாள். இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாவது முறை திறந்தது. பென்டிரைவிலிருந்த ஃபைலை அதற்கு நகர்த்தினாள்.

டாக்டர் திரையில் அலைகளை ஓட்டிப் பார்த்தார். "தூக்கம் நல்லா பதிவாகியிருக்கு. எங்க இருந்துச்சு?"

சர்வரிலேயே வேறு ஃபோல்டரில் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"என் பென்டிரைவ்ல டாக்டர். வெளில போயிடுச்சு. பிரிண்ட் கடை வரைக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நடந்ததை எழுதிக் குடு. மேல சொல்லித்தான் ஆகணும். முதல்ல போய் அந்தப் பொண்ணத் தூங்க விடச் சொல்லு."

வராந்தாவில் தாய் சிறுமியின் கன்னத்தில் ஈரத்துணியை வைத்து, "இன்னும் கொஞ்ச நேரம் கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"பதிவு கிடைச்சிடுச்சும்மா. தூங்கட்டும்."

தாய் துணியைக் கீழே போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, மடியை விரித்தாள்.