விரிப்புக்காரிக்கு ஏறிய போதை

கிரேன் ஓட்டுநர் குடித்தால் போதை அவன் மனைவிக்குத்தான் ஏறும். கல்யாணமான மூன்றாம் மாதம் தொடங்கி, பதினோரு வருடமாக நாள் தவறவில்லை. அவன் மதுக்கடையில் முதல் கிளாஸைக் காலி செய்யும்போது, நாலு தெரு தள்ளி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவளுக்குக் காது சூடாகும். மூன்றாவதில் கால் பின்னும். அரை பாட்டில் தாண்டினால் விரிப்போடு சேர்ந்து கூடைக்குள் விழுவாள். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பாட்டில் ஓரிடம், வாந்தி ஓரிடம். அவன் நூல் பிடித்தாற்போல நடந்து வீட்டுக்கு வந்து செய்தித்தாள் படிப்பான். "என்னமா குடிக்கிறான், ஆளு அசையலையே!" என்று தெரு மெச்சியது. நிதானத்துக்காகக் கம்பெனி மூன்று முறை பாதுகாப்பு விருது கொடுத்தது. மூன்றாவது விருதை அவன் வீட்டில் கொண்டாடியபோது இவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போய்த் தண்ணீர் மொண்டு குடித்தார்கள்.

குடிகாரி என்ற பெயர் விரிப்புக்காரிக்கு வந்தது. சலவைக்கூட மேற்பார்வையாளர் அம்மாள் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். மூன்றாவது வந்தால் வேலை போகும். அவளுக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான். "குடியை விடுறவங்க கூட்டம் ஒண்ணு நடக்குதாம். போய்ச் சேரு. அதுவரைக்கும் பொறுத்துக்கிறேன்" என்றார் அந்த அம்மாள்.

சேர்வதற்கு முன் அதைக் கண்டுபிடிக்கவே ஆறு ஞாயிறு ஆனது. மதுக்கடைக்கு வழி கேட்டு எவனும் தெருவில் நின்றதில்லை. அது மூலைக்கு மூலை விளக்குப் போட்டு அம்புக்குறி காட்டி அழைக்கிறது. கூட்டமோ ஒளிந்து விளையாடியது. மருத்துவமனையில் கொடுத்த காகிதத்தில் நூலகத்தின் பின்கட்டு என்றிருந்தது. அங்கே பூட்டு. மூணு வருஷம் முன்னாடியே வங்கி மாடிக்குப் போயிட்டாங்க என்றார் காவலாளி. வங்கி மாடியில் நடன வகுப்பு. அன்று புருஷன் காலையிலேயே குடிக்கத் தொடங்கியிருந்ததால் தள்ளாடிக்கொண்டு போனவளை, புது மாணவி என்று வரிசையில் நிறுத்தினார்கள். ஆறாவது ஞாயிறு, சைக்கிள் கடைக்கு மேலே, முதல் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்ததைப் பார்த்தாள்.

கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். எத்தனை வருஷமா குடிக்கிறீங்கம்மா என்று கேட்டார்.

"ஒரு சொட்டு குடிச்சதில்லைங்க. அவர் குடிக்கிறார், எனக்கு ஏறுது."

அறையே கைதட்டியது. "முதல் நாள் நானும் அடுத்தவன் மேலதான் பழியைப் போட்டேன்!" என்று ஒரு பெயிண்டர் எழுந்து நின்றே தட்டினார். தபால்காரர் மட்டும் தட்டவில்லை. அவளுடைய ஆடும் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னொரு மாடி ஏறுங்கம்மா. என் வீட்டுக்காரி அங்கதான் இருக்கா" என்றார்.

மேலே ஒன்பது பெண்கள், ஒன்பது பேரும் சுவரைப் பிடித்தபடி. ஒருத்திக்கு மகள் கல்யாணத்தில் நடந்த எதுவுமே நினைவில்லை. குடித்துவிட்டு வந்த கணவனுக்கு எல்லாம் நினைவிருந்தது. நடுவில் ஆடாமல் உட்கார்ந்திருந்தவள் தபால்காரரின் மனைவி, தையல்காரி. நெற்றியடியாகக் கேட்டாள்.

"அவர் வேலைக்குப் போகாத அன்னிக்குக் கம்பெனிக்கு யாரு பதில் சொல்றது?"

"நான்தான்க்கா. காய்ச்சல்னு."

"வருஷத்துக்கு எத்தனை காய்ச்சல்?"

"முப்பது இருக்கும்."

"உன் மாமியார்கிட்ட என்ன சொல்வே?"

"அவருக்கு வேலை அலுப்புன்னு."

"அந்தப் பொய் வழியாத்தான்டி உனக்கு இறங்குது. அவரைக் காட்டிக் குடுக்கச் சொல்லலை. போனை அவர் கையில குடு, போதும்."

ஒரு புதன்கிழமை அவன் காலையிலேயே கடைக்குக் கிளம்ப, கம்பெனியிலிருந்து போன் வந்தது. வழக்கம்போல முகவாயால் அவளைக் காட்டினான். அவள் போனை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பதினோரு மணிக்குக் காது சூடாகுமென்று மேசையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆகவில்லை. அந்நேரம் மதுக்கடையில் அவன் நாற்காலியோடு சாய்ந்தான். கடைக்காரன் வெலவெலத்துப் போய், சரக்கில் கலப்படமில்லை என்று சத்தியம் செய்தான். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள்.

மாலையில் மாமியார் வாசலிலேயே மறித்தாள். "பதினோரு வருஷம் தாங்கினவளுக்கு இன்னிக்கு மட்டும் தாங்க முடியலையாக்கும்?"

அதாவது, மாமியாருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. விரிப்புக்காரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "தாங்கணும்னா பெத்தவங்க தாங்குங்க அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கிரேன் கம்பெனி, தள்ளாடுகிறவனைக் கிரேனிலிருந்து கீழே இறக்கி உட்கார வைத்தது. ஒரே ஒரு வாரம் மட்டும் போதையை வாங்கிக்கொள்ளும்படி அவளிடம் கெஞ்சினான், பிறகு கத்தினான், பிறகு கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டான். "தேடுங்க" என்றாள். நூலகம், வங்கி, நடன வகுப்பு எல்லாம் சுற்றி ஒன்பது வாரத்தில் வந்து சேர்ந்தான். முதல் நாள் தனக்கு இது பெண்டாட்டியால் வந்தது என்றான், அறை கைதட்டியது. இப்போது ஞாயிறுதோறும் இருவரும் ஒரே படியில் ஏறுகிறார்கள். அவன் முதல் மாடியில் நின்றுவிடுவான், அவள் மேலே போவாள். இடையில் இரண்டு முறை குடித்தான், இரண்டு முறையும் அவனே விழுந்தான். தெரு, அந்தக் குடிகாரி புருஷனையும் கெடுத்துவிட்டாள் என்கிறது.

மூன்றாவது கடிதம் வரவில்லை. விரிப்புக்காரி நடந்ததைச் சொன்ன பிறகு, சலவைக்கூடத்துப் பதிவேட்டில் மேற்பார்வையாளர் அம்மாள் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார். எவளாவது தள்ளாடினால், "நீயா, வீட்டுக்காரரா?" என்று கேட்டு, வந்த பதிலை அதில் எழுதிக்கொண்டு, அவளுக்கு உட்கார்ந்து பொத்தான் தைக்கும் வேலை கொடுக்கிறார். பொத்தான் மேசைக்கு இன்னும் நான்கு நாற்காலி வேண்டுமென்று போன மாதம் எழுதிப் போட்டார். நிர்வாகம் காரணம் கேட்காமல் அனுப்பிவிட்டது.