செவலையின் ரத்தம்

பால்துரைக்கு மாடு வளர்த்துப் பழக்கமே கிடையாது. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த மறுவருடம் ஏரல் பக்கமிருந்து ஒரு செவலைப் பசுவை வாங்கிவந்து கட்டினார். மகன் டிக்சன் கனடாவில் இருந்தான். முள்ளக்காட்டுக்கு ஒதுக்குப்புறத்தில், உப்பளத்தைப் பார்த்த வீடு. பகலெல்லாம் ஆள் சத்தமே இராது. மாடு அசைபோடும் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் வந்தது. அதனால் கட்டிலைத் தொழுவத்துக்குள்ளேயே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கோடையில் கால்நடை மருத்துவர் ஜெபிஷா வந்தாள். நாசரேத்துக்காரி. மாடுகளுக்கு வருகிற காசநோயை, மெலிவும் இருமலும் வெளியே தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. சுற்று வட்டாரத்து மாடுகளிலெல்லாம் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா கொழுகொழுன்னுதான இருக்கு. இதுக்கு எதுக்கு ரத்தம்?” என்றார் பால்துரை.

“நல்லா இருக்கும்போதே பாத்தாத்தான் அண்ணாச்சி பிரயோஜனம். கிருமியோட புரதத்த இந்த ரத்தத்துல கலந்து வப்போம். உடம்பு அந்தக் கிருமிய முன்னமே பாத்திருந்தா ரத்தத்துக்கு அடையாளம் தெரியும். உடனே ஒரு பொருளச் சுரக்கும். அத வச்சுச் சொல்லிருவோம்.”

பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு இருமல் வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார். ஜெபிஷா ஊசியை மூடிவிட்டு அவரையே பார்த்தாள்.

“இது எப்பயிருந்து இருக்கு?”

“உப்புக் காத்துல்லா. அப்பிடித்தான் இருக்கும்.”

முடிவைப் போனில் சொல்லாமல் அவளே நேரில் வந்தாள். இரண்டாம் முறை ரத்தம் எடுத்தும், மாட்டின் கழுத்துத் தோலில் சோதனை ஊசி போட்டும் பார்த்துவிட்ட பிறகுதான் சொன்னாள்.

“செவலைக்குத் தொற்று இருக்கு அண்ணாச்சி. ஆரம்பம்தான்.”

“மருந்து குடுத்துருவோம்.”

“மாட்டுக்கு இதுக்கு வைத்தியம் பண்ணுறதில்ல. வேற மாடு எதுவும் பக்கத்துல அண்டக் கூடாது. பாலக் காய்ச்சி, குழி தோண்டிக் கொட்டிருங்க. யாருக்கும் குடுக்காதிய.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீங்க நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போணும்.”

அவருக்கும் காசநோய்தான். மார்பு எக்ஸ்ரேயிலும் சளியிலும் தெரிந்தது. ஆறு மாத மாத்திரை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் நேரே பக்கத்துத் தெருவுக்குப் போய், தன்னிடம் பால் வாங்கும் சரண்யாதேவியின் வாசலில் தள்ளி நின்றார்.

“ஏளா சரண்யா, பிள்ளைகளக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி ஒருக்காப் பாத்துரு. எனக்கு டி.பி. மாட்டுக்கும் இருக்கு.”

அவள் கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டாள்.

“காய்ச்சித்தான குடுத்தேன் அண்ணாச்சி...”

“காய்ச்சுனா பயமில்லன்னுதான் சொல்லுதாவ. ஆனாலும் பாத்துரு.”

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வழியெல்லாம் அவர் அதை நினைக்காமல் இல்லை. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்று மறுவாரம் தெரிந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் வீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை. ஆலயத்தில் அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பிறகு அவரே போவதை நிறுத்திக்கொண்டார்.

கட்டில் வீட்டுக்குள் திரும்பியது. முகக்கவசம் கட்டிக்கொண்டு கறந்து, தீவனம் வைத்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். செவலைக்கு அது புரியவில்லை. அவர் வீட்டுப் படியேறும்போதெல்லாம் கயிறு இழுபட நின்று கத்தியது. பால்துரை கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

டிக்சன் வீடியோ காலில் வந்தான்.

“அந்த மாட்ட எங்கயாவது அனுப்பிருங்கப்பா. அதனாலதான உங்களுக்கு இவ்வளவும்.”

“எங்கன அனுப்ப? யாரு வச்சுக்கிடுவா?”

“அப்ப அவுத்து விட்டுருங்க.”

“ரோட்டுல கெடக்குற மாட்டுக்கெல்லாம் பரவட்டுமா?” என்று கேட்டார்.

மழைக்கு முன்னால் ஜெபிஷா மறுபடியும் வந்தாள். அவருடைய சளியிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த விவரம் வந்திருந்தது.

“உங்களுக்கு வந்தது மாட்டு வகை இல்ல அண்ணாச்சி. மனுஷங்களுக்குள்ள பரவுற வகை. செவலை உங்களுக்குத் தந்திருக்காது.”

பால்துரை தொழுவத்தின் பக்கம் திரும்பினார்.

“அப்ப நான்தான் அதுக்குக் குடுத்தேனா?”

“இருக்கலாம். அதுகிட்ட கிருமிய எடுத்துப் பாக்காம உறுதியாச் சொல்ல முடியாது.”

“பக்கத்துலயே படுத்துக் கெடந்தேன். மூஞ்சிக்கு நேரா இருமிக்கிட்டு...”

“செவலைய வச்சுத்தான் உங்களையே கண்டுபிடிச்சோம்” என்றாள் ஜெபிஷா மெதுவாக. அவர் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார்.

மாத்திரைகள் முடிந்தன. சளி சுத்தமாகிவிட்டது என்றார் டாக்டர். செவலைக்கோ ரத்தத்தில் தொற்று அப்படியேதான் இருந்தது. மெலியவில்லை, இருமவில்லை, பால் மட்டும் வற்றிவிட்டது. நோய் எப்படிப் போகிறதென்று ஜெபிஷா மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்துவந்தாள். பால்துரை கொம்பைப் பிடித்துக்கொள்வார். சரண்யாதேவி தெருவில் பார்த்தால் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். ஆனால் பாக்கெட் பால்தான் வாங்கினாள்.

பொங்கல் கழிந்து ஜெபிஷா கடைசியாக வந்தாள். ஆராய்ச்சி முடிந்து சென்னைக்குப் போகிறாள். இனி வேறு ஆள் வருவார் என்றாள். ரத்தம் எடுத்து முடிந்ததும், பால்துரை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கருப்பட்டி போட்ட கடுங்காப்பிதான் இருக்கு. குடிப்பியளா டாக்டரம்மா?”

“குடுங்க அண்ணாச்சி.”

அவள் அடுக்களை வாசலில் சாய்ந்து நின்று, ஊதி ஊதி முழுவதையும் குடித்தாள். வழக்கம் போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வண்டிச் சத்தம் உப்பளத்தைத் தாண்டும்வரை அவர் முற்றத்திலேயே நின்றார். பிறகு அந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செவலைக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.