விளக்குக் கரி

நகர நூலகத்தின் மாடியில் பழைய தாள்களைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறவளுக்குக் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் சலவை அக்கா. பழுப்பேறிய தாள் அவள் கைக்கு வந்தால் போதும், திரையில் பளிச்சென்று வெளுத்துவிடும். கேலிதான் என்றாலும் அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரக் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே? பதினோரு வருடத்தில் அவள் வேலையில் ஒரு குறை வந்ததில்லை.

குறை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ் டிரைவர் சீருடையில்.

"எங்கப்பாவோட நிழல் பொம்மை நோட்டு இங்க இருக்குல்ல? அவர் போனப்பறம் அம்மா குடுத்தாங்க," என்றாள் டிரைவர். பின்னால் அவள் தம்பி கையைக் கட்டிக்கொண்டு வேண்டாவெறுப்பாக நின்றான். நூலகத்தின் நூற்றாண்டு விழாவில் அப்பாவின் நிழல் பொம்மை ஆட்டத்தை அவன் நடத்தப் போகிறான். தன் அக்காவுக்கு அதில் இடமில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டான். அப்பா அவளைத் திரைக்குப் பின்னால் விட்டதே இல்லையாம்.

"அப்ப இவன் தொட்டில்ல கெடந்தான்," என்றாள் அவள். "முயல் பொம்மைய ஆட்டினது நான். விளக்குக் கரியத் தொட்டு, வசனத்துல அப்பா பொம்மை எடுக்கற எடம் வந்தா, நோட்டு ஓரத்துல அவர் கட்டை விரல வைப்பார். நான் எடுக்கற எடத்துல என்னை வைக்கச் சொல்வார். நோட்டப் பாத்தா தெரிஞ்சுடும்."

சலவை அக்கா திரையில் நோட்டைத் திறந்தாள். வசனங்கள் முத்துமுத்தாக இருந்தன. ஓரங்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று, அறுபத்திரண்டு பக்கமும்.

தம்பி சிரித்தான். "பாத்தியா? சின்ன வயசுல ஏதாவது கனவு கண்டிருப்ப. வா, போலாம்."

தனக்கே நினைவு பிசகிவிட்டதோ என்ற குழப்பம் டிரைவர் முகத்தில் வந்தது.

சலவை அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. எந்தப் புண்ணியவான் சாப்பிட்ட கையோடு தொட்டானோ என்று முணுமுணுத்தபடி, இரண்டு நாள் உட்கார்ந்து கணினிப் படங்களிலிருந்து அந்தக் கரியை அழித்தவள் அவள்தான். அழிப்பதற்கு முன் எடுத்த படங்களையும் இடம் அடைக்கிறது என்று தூக்கிப் போட்டிருந்தாள். அசல் நோட்டு கீழே, முத்திரை வைத்த பெட்டியில். முத்திரையை உடைக்கிறவர் பதிவேட்டில் பேரையும் காரணத்தையும் எழுத வேண்டும். வாயைத் திறக்காமல் இருந்தால் காதும் காதும் வைத்தமாதிரி முடிந்துவிடும்.

டிரைவரும் தம்பியும் படியருகே போய்விட்டார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றாள். "அந்தக் கரி இருந்தது. அழுக்குன்னு நெனச்சு நான்தான் அழிச்சுட்டேன்."

தலைமை நூலகர் விஷயத்தைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா," என்றார். அவ்வளவுதான். சாவியையும் பதிவேட்டையும் அவள் பக்கம் தள்ளினார். 'காரணம்: என் தவறு' என்று அவள் எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

பெட்டியிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் விரித்தாள். ஓரம் நெடுக அப்பாவின் கட்டை விரல், கறுப்பாக, அகலமாக. நடுநடுவே புளியங்கொட்டை அளவில் சின்னச் சின்ன விரல் பதிவுகள். டிரைவர் அதில் ஒன்றின்மேல் தன் விரலைக் கொண்டுபோனாள். தொடாமல் நிறுத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

தம்பி குனிந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். எல்லாச் சின்ன விரலும் முயல் வருகிற இடத்தில்தான் இருந்தது.

"ஒத்திகையில முயல் எப்பவும் லேட்டாவே வருது," என்றான் கடைசியில். "எங்க எடுக்கணும்னு எனக்குப் பிடிபடவே இல்ல."

வந்ததிலிருந்து முதல் தடவையாக, "அக்கா," என்று கூப்பிட்டான். "நாளைக்கு உனக்கு டூட்டி எப்ப முடியும்?"

"மூணு மணிக்கு."

"நாலு மணிக்கு ஒத்திகைக்கு வந்துடு. முயல நீயே எடுத்துக்கோ."