விருப்பமுள்ளவர்கள் இருக்கலாம்

லுவோ ஜிங்யாவுக்கு அன்று மாலை ஏழு மணிக்கு நீச்சல் வகுப்பு. ஏற்கெனவே இரண்டு முறை போகவில்லை. இன்றும் வராவிட்டால் பேரை அடித்துவிடுவேன் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, குய்சோ மாகாணத்து மலையிலிருந்து ஹாங்சோ நகருக்கு வந்து, கைபேசிச் செயலி செய்யும் நிறுவனத்தில் வேலைக்கும் சேர்ந்தாயிற்று. தண்ணீரில் மிதக்க மட்டும் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

ஆறாகப் போகும்போது பையைத் தூக்கினாள். குழுத்தலைவர் பெங் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்து மறித்தார்.

"எங்கம்மா கிளம்பிட்டே? எல்லாரும் ஒன்பது வரைக்கும் இருக்காங்கல்ல?"

"என் வேலை முடிஞ்சிருச்சு அண்ணே."

"முடிஞ்சா என்ன? ஒரே குடும்பமா இருக்கோம். அடுத்த வாரம் உன்னை நிரந்தரம் பண்றதப் பத்திப் பேசப்போறாங்க. யோசிச்சுக்கோ."

"குடும்பம்தானே, அப்ப பயம் எதுக்கு? ‘ஒன்பது வரை இருக்கணும்’னு கைபேசிக் குழுவுல எழுதிப் போடுங்க. இருக்கேன்."

எழுதினால் அது உத்தரவு. உத்தரவு என்றால் கூடுதல் சம்பளம். அதனால்தான் அங்கே யாரும் எதையும் எழுதுவதில்லை. உயிரை விட்டு உழைப்பதெல்லாம் ஊழியர்களின் சொந்த ஆசையாம்! கடைசியில் பெங் கைபேசியை எடுத்து, "விருப்பமுள்ளவர்கள் ஒன்பது வரை இருக்கலாம்" என்று தட்டினார்.

"கிடைத்தது." "கிடைத்தது." "கிடைத்தது." செய்தி வந்து சேர்ந்தது என்று சொல்லும் பதில்கள் மளமளவென்று விழுந்தன. குழுவில் எது வந்தாலும் இப்படித்தான். படிக்கிறார்களோ இல்லையோ, கடைசி ஆளாகப் பதில் போட்டு மேலிடத்தின் கண்ணில் பட யாருக்கும் துணிச்சலில்லை.

ஜிங்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் தட்டினாள்: "எனக்கு விருப்பமில்லை. ஆறு மணிக்குக் கிளம்புகிறேன். விருப்பமில்லாத எல்லோரும் கிளம்பலாம்."

பக்கத்து மேசை தாவோ அக்கா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, பழக்கதோஷத்தில், "கிடைத்தது" என்று போட்டாள். ஒருத்தி போட்ட பிறகு மற்றவர்கள் விரல் சும்மா இருக்குமா? மொத்தக் குழுவும் போட்டது. பெங்கும் போட்டார். மேல்மாடியில் ஏதோ கூட்டத்தில் இருந்த இயக்குநர் கட்டைவிரல் உயர்த்திய படத்தையே போட்டுவிட்டார்.

"அடிப்பாவி! நான் எதுக்குடி கிடைத்ததுன்னு போட்டேன்?" என்றாள் தாவோ அக்கா.

"அழிச்சா, அழிச்சீங்கன்னு எல்லாருக்கும் காட்டும் அக்கா. பேசாம பையை எடுங்க. இயக்குநரே சரின்னுட்டாரு."

முதலில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு எல்லாமே நகர்ந்தன. ஆறு மணிக்கு மின்தூக்கியில் நிற்க இடமில்லை. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் மழை விடுமுறை விட்டதுபோல் சிரித்தார்கள். கடைசியாகப் பெங்கும் தேநீர்க் குடுவையோடு நுழைந்து, ஜிங்யாவின் தோளுக்குப் பக்கத்தில் நசுங்கினார்.

"நாளைக்கு என்னைக் கூப்பிட்டுத் திட்டப்போறாங்க. உன்னையும்தான், பாரு."

"சேர்ந்தே வாங்குவோம் அண்ணே," என்றாள் ஜிங்யா. "திட்டுறத ஆறு மணிக்குள்ள முடிச்சுக்கச் சொல்லுங்க, அது போதும்."

பெங் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கதவு திறந்தது. வெளியே இன்னும் வெயில் இருந்தது. அவள் நீச்சல் குளத்தை நோக்கி ஓட்டமெடுத்தாள்.