வேலை முடிந்தவர்கள்

கடையைக் காலி செய்வது என்று முடிவாகி எட்டு நாள் ஆகியிருந்தது. புதன்கிழமை காலை கட்டட உரிமையாளர் வேறொருவரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டப் போகிறார். அதற்குள் கூட்டிவர வேண்டாம் என்று சொன்னால் கடை தங்கும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் முதல் மெத்தைத் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலைக்குப் போகவேண்டியதுதான்.

அவரை எல்லோரும் சோபாக்காரர் என்றே அழைத்தார்கள். பழைய சோபாவின் துணியை உரித்து, தொய்ந்த ஸ்பிரிங்கை மாற்றி, புது ஃபோம் வைத்து, மறுபடி துணி போர்த்தித் தைத்துக் கொடுப்பது தொழில். கைவேலையில் குறை சொல்ல ஆளில்லை. வேலை கொடுக்கத்தான் ஆளில்லை. இரண்டு வருடமாக மாதத்துக்கு மாதம் தேய்ந்து, போன மாதம் முழுக்கக் கடைக்கு வந்தது ஒரே ஒரு நாற்காலி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மனைவியும் கடைக்கு வந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவள், அன்று விடுமுறை.

"யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாம மூடக்கூடாதுங்க. பழைய ஆளுங்களுக்கெல்லாம் ஒரு மெசேஜ் போட்டுடலாம். போனைக் கொடுங்க."

கடையின் பெயரில் இருந்த அக்கவுண்டைத் தொடங்கியவளே அவள்தான். மூன்று வருடம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். தைத்து முடித்த சோபாவைப் படம் எடுத்துப் போடுவாள், விசாரிப்பவர்களுக்குப் பதில் எழுதுவாள். இரண்டு வருடத்துக்கு முன் மருத்துவமனையில் வேலை கிடைத்ததும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து கணவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டாள். அதன் பிறகு இன்றுதான் திறந்து பார்க்கிறாள்.

"என்னங்க, பியானோ டீச்சரைக் காணோமே?"

"எந்த டீச்சர்?" அவர் மேசைக்கடியில் சிந்திக் கிடந்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அதாங்க, கறுப்பு ரெக்சின் ஸ்டூல்."

"கால் ஆடுற ஸ்டூலா? அது எப்பவோ முடிஞ்சுடுச்சே."

"ஸ்டூல் முடிஞ்சா டீச்சர் எங்க போவாங்க?"

"முடிஞ்சவங்களை ஒதுக்கி வெச்சிடுவேன்மா. இல்லாட்டி லிஸ்ட்டு நீளமாயிடுது. யாரு வேலை கொடுத்திருக்காங்க, யாரு வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு குழம்பிப்போயிடுது."

"ஒதுக்கின்னா, எங்க?"

அவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி நாலு இடத்தில் தட்டித் திருப்பிக் கொடுத்தார். திரையின் உச்சியில் 'பிளாக் செய்தவர்கள்' என்று இருந்தது. அதற்குக் கீழே வட்ட வட்டமான சின்னப் படங்களும் பெயர்களும். மொத்தம் நூற்றெண்பத்தேழு பேர்.

அவள் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"என்னங்க இது?"

"நீதானே சொல்லிக் கொடுத்தே? அன்னிக்கு ஒருத்தன் அசிங்கமா எழுதியிருந்தான்ல? இதை அமுக்குங்க, ஆள் கண்ணுலயே பட மாட்டான்னு சொன்னே. அமுக்கினேன், காணாமப் போயிட்டான். நல்லாத்தான் இருக்குன்னு எல்லாத்துக்கும் அதையே பண்ணிட்டேன்."

"நிச்சயமான்னு அது கேக்குமே!"

"கேக்கும். வேலை நிச்சயமா முடிஞ்சுதானே இருக்கு? ஆமான்னு போடுவேன்."

சோபாக்காரரின் பட்டறை வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு சோபாவைப் பிரித்தால் அதை முடிக்கும்வரை இன்னொன்றைத் தொடமாட்டார். முடித்ததைப் போர்வை போர்த்தி வாசல் பக்கம் நகர்த்தி, மேசையைத் துடைத்து, துண்டுத் துணிகளைக் கூட்டி அள்ளிய பிறகே அடுத்ததில் கை வைப்பார். மேசைமேல் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. போனையும் அப்படியே வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அவள் ஃபோம் மூட்டைமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"இவங்களால நமக்கு மெசேஜ் போட முடியாதுங்க. நம்ம பேஜே அவங்களுக்குத் தெரியாது. சோபா நல்லாயிருக்கேன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டா, நம்மளைக் காட்டக்கூட முடியாது. வேலை கொடுத்து, கையில காசு கொடுத்து, ரொம்ப நன்றிங்கன்னு எழுதிட்டுப் போனவங்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கதவைச் சாத்தியிருக்கீங்க. பேரம் பேசிப் பேசி உயிரை வாங்கிட்டு, கடைசியில வேலையே கொடுக்காம போனாங்க பாருங்க, அவங்க அத்தனை பேரும் பத்திரமா உள்ள இருக்காங்க."

சோபாக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது அவருக்கு. இரண்டு வருடமாக அவர் தன் கையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். தையல் கோணலாகிறதோ, ஃபோம் சீக்கிரம் அமுங்குகிறதோ என்று, முடித்த சோபாக்களில் ஒரு முறைக்கு மூன்று முறை உட்கார்ந்து பார்த்தார். ஒரு தடவை வேலை கொடுத்தவர்கள் மறு தடவை வராததற்கு அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

"நல்ல வேளை, எல்லாத்தையும் அழிச்சுட்டீங்களோன்னு பயந்தேன். பூட்டித்தான் வெச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. "திறந்துடலாம். ஆனா ஒவ்வொண்ணாத்தான் திறக்கணும்."

அவள் பெயரைப் படித்தாள். பெயர் சொன்னால் அவருக்கு யாரையும் தெரியவில்லை. பழைய உரையாடலைத் திறந்து சோபாவின் படத்தைக் காட்டியதும் தெரிந்தது.

"இது வக்கீல் வீட்டு மூணு சீட்டு. உள்ள எலி கூடு கட்டியிருந்துச்சு. வக்கீலுக்குத் தெரியாது, நானும் சொல்லலை."

"இது?"

"கைப்பிடி சுருண்டிருக்குமே, அதுவா? அந்த அம்மா வீட்டுப் பூனைக்காகத்தான் கெட்டித் துணி போட்டோம். பூனை இருக்கான்னு கேளு."

தடையை நீக்கிய ஒவ்வொருவருக்கும் என்ன எழுதுவது என்பதில் தகராறு வந்தது. போன் கெட்டுப்போய்விட்டது என்று எழுதிவிடலாம் என்றார் அவர்.

"எதுக்குங்க? ஒரு பொய்யைச் சொல்லிட்டு அதுக்கு முட்டுக்கொடுக்க ஒன்பது பொய் தேடணும். உள்ளதைச் சொன்னா என்ன, தலையையா எடுத்துடப் போறாங்க?"

கடைசியில் அவள் எழுதினாள்: 'வணக்கம். சோபாக்காரர் எழுதுகிறேன். வேலை முடிந்தவர்களை எல்லாம் விவரம் தெரியாமல் பிளாக் செய்துவிட்டேன். கோபம் எதுவும் இல்லை. மன்னிக்கவும்.' அவர் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, ஒரு வரி சேர்த்தார்: 'சோபா எப்படி இருக்கிறது?'

நாற்பது பேருக்கு அனுப்புவதற்குள் பதில் வர ஆரம்பித்துவிட்டது. வக்கீல் கும்பிடும் கைகளை மட்டும் அனுப்பினார். ஒருவர், 'பரவாயில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொண்டோம்' என்று முடித்துக்கொண்டார். பூனைக்கார அம்மா பூனையின் படத்தை அனுப்பினாள், சோபாமேல்தான் படுத்திருந்தது. பியானோ டீச்சர் எழுதுவதோடு நிற்கவில்லை, கூப்பிட்டே விட்டாள்.

"நான் அந்த ஸ்டூல் கால் இன்னும் லேசா ஆடுதுன்னு எழுதினேன் பாருங்க, அதுக்குத்தான் கோவிச்சுக்கிட்டீங்கன்னு நினைச்சேன்! ரெண்டு வருஷமா ஆடிக்கிட்டேதான் வாசிக்கிறேன்."

"கொண்டு வாங்கம்மா. சரி பண்ணித் தரேன்."

பதினோரு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியையிடமிருந்து நீளமாக வந்தது. அவர் வீட்டுச் சாய்வு நாற்காலிக்கு உறை மாற்றியவர் சோபாக்காரர்தான். ஆசிரியர் அறை நாற்காலிகள் இருபத்து நாலையும் கொடுக்கலாம் என்று அப்போதே தேடினாராம், கடையையே காணவில்லையாம். வேறோர் இடத்தில் கொடுத்ததில் தையல் விட்டுப்போய், ஆசிரியர்கள் நார் பிதுங்கும் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்களாம். மூன்று வாரத்தில் முடித்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகம் மலரவில்லை.

"ஒரு ஆளா இருபத்து நாலை மூணு வாரத்துல முடிக்க முடியாது" என்றார். "சின்னவன் இருந்தா ஆகும். நான் பிரிக்கிறதுக்குள்ள அவன் வெட்டி முடிச்சுடுவான்."

சின்னவன் அவர் தம்பி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து தொடங்கிய கடை அது. கல்யாணத்துக்குப் பிறகு தம்பி வேறு ஊரில் ஒரு மரச்சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால் போனவன் போனவன்தான். எண்ணை மாற்றினான், அதைக்கூடச் சொல்லவில்லை. குழந்தை பிறந்த சேதி மூன்றாம் மனிதர் மூலம் வந்தது. அண்ணி தன் அக்கவுண்டிலிருந்து வாழ்த்து அனுப்பினாள். 'நன்றி' என்று ஒற்றைச் சொல்லில் பதில். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றதற்கு, கூப்பிடாத வீட்டுக்கு என்ன போக்கு என்றார் சோபாக்காரர்.

இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று பார்க்க அவள் பட்டியலை அடிவரை தள்ளினாள். கடைசியில், அதாவது எல்லோருக்கும் முதலில் பிளாக் ஆனவர்களின் இடத்தில், அசிங்கமாக எழுதிய அந்த ஆள் இருந்தான். அவனுக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

"ஏங்க. இவனையுமா?"

அவர் எட்டிப் பார்த்தார். தம்பியின் பழைய உரையாடலில் கடைசியாக இருந்தது இதுதான்: 'அண்ணா, டாக்டர் வீட்டு நாற்காலி ரெண்டையும் இறக்கிட்டேன். நம்ம வேலை முடிஞ்சுது. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் பேசறேன்.'

"முடிஞ்சுதுன்னு எழுதியிருந்தான்" என்றார். "நான் அந்த நாற்காலியைத்தான் நினைச்சேன்."

மனைவி போனை அவர் கையில் வைத்துவிட்டு, மூட்டையின் மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் தடையை நீக்கினார். நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்றார். பிறகு எழுதிக்கொண்டிருக்காமல், அதே அக்கவுண்டிலிருந்து ஸ்பீக்கரைப் போட்டு நேரே அழைத்தார். ஆறாவது முறை மணி அடித்ததும் தம்பி எடுத்தான்.

"யாரு?"

"நான்தான்டா."

"நான்தான்னா? எனக்கு அப்படி யாரையும் தெரியாதே."

"டேய், அண்ணன் பேசறேன்."

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தாரு. ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டேன்னு சொல்லலாம்னு பார்த்தா பிளாக் பண்ணிட்டாரு. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியகூட வரலை நான்."

சோபாக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். முன்னும் பின்னுமாக, டீச்சர், எலி, பூனை, நூற்றெண்பத்தேழு என்று குழப்பித்தான் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ தட்டும் ஒலி மட்டும் கேட்டது.

"குழந்தை பிறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு உன் பேரைத் தேடினேன்" என்றான் தம்பி. "காணோம். அண்ணன் இன்னும் மனசு மாறலைன்னு நினைச்சேன். நான் என்ன பண்ணேன்னு இவகிட்ட எத்தனை ராத்திரி கேட்டிருக்கேன் தெரியுமா?"

"தெரியாதுடா. தப்புதான்."

"தப்புதான்னு ஒத்தை வார்த்தையில சொல்லிட்டா சரியாப்போச்சா?"

"சரியாகாது. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

பிறகு தம்பி மூக்கை உறிஞ்சுவதும், அதையடுத்து ஒரு சிரிப்பும் கேட்டது. "உலகத்துலயே, வேலையை ஒழுங்கா முடிச்சதுக்காகக் கூடப்பிறந்தவனைப் பிளாக் பண்ண ஆள் நீ ஒருத்தன்தான். அண்ணி பக்கத்துல இருக்காங்களா? எப்படி அண்ணி குடித்தனம் பண்றீங்க இவரோட?"

"வேலை முடியாதவரைக்கும் எனக்கு ஆபத்து இல்லைப்பா" என்று மூட்டையின் மறுபக்கத்திலிருந்து கத்தினாள் அவள்.

சோபாக்காரர் இருபத்து நாலு நாற்காலியைப் பற்றிச் சொன்னார். கடையை விடப்போவதையும் சொன்னார். புதன்கிழமை என்றார்.

"ஃபோம் எத்தனை இஞ்ச் போடப் போறே?" என்றான் தம்பி.

"ரெண்டு."

"டீச்சருங்க மணிக்கணக்கா உட்கார்ந்து பேப்பர் திருத்துவாங்க. ரெண்டு எப்படிப் பத்தும்? மூணு போடு."

"மூணு போட்டா ஓரம் துருத்திக்கிட்டு நிக்கும்."

"ஓரத்தைச் சரிவாச் சீவணும். நீ சீவ மாட்டே. உனக்கு எல்லாம் சட்டுனு முடிஞ்சு மேசை காலியாகணும்."

"அப்ப நீ வந்து சீவு."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப்போனார்.

"எனக்கு மூணு வாரமெல்லாம் லீவு தர மாட்டாங்க" என்றான். "வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போற மாதிரி, வாராவாரம் வேணும்னா கேட்டுப் பார்க்கறேன். கேட்டுத்தான் பார்ப்பேன். உறுதின்னு இப்பவே எடுத்துக்காதே."

"எடுத்துக்கலை."

"முதல் தடவை இவளையும் குழந்தையையும் கூட்டிட்டு வரேன். கடைக்குள்ள ஆணி கிணி கீழ கிடக்கக் கூடாது, எல்லாத்தையும் வாயில போடுது."

அழைப்பு முடிந்ததும் அவர் கட்டட உரிமையாளருக்குப் போன் செய்து, புதன்கிழமை யாரையும் கூட்டிவர வேண்டாம் என்றார். நிச்சயம்தானா, நாளைக்கு மாற்றிப் பேசக்கூடாது என்றார் உரிமையாளர். அதற்கு மட்டும் சோபாக்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"மூணு மாசம் பார்க்கறேங்க. அதுக்குள்ள சரிவரலைன்னா நானே சாவியைக் கொண்டாந்து கொடுத்துடறேன்."

மனைவி தலைமையாசிரியைக்கு 'முடியும்' என்று எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த பெயருக்குப் போனாள். இன்னும் நூற்று நாற்பதுக்கு மேல் இருந்தது. அவர் பின்பக்கம் போய், சுவரில் சாய்த்து வைத்திருந்த ஃபோம் பலகைகளைப் புரட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் போய் ஃபோம் வாங்கணும்மா" என்றார் அங்கிருந்தே.

"எத்தனை இஞ்ச்?"

பலகை ஒன்றைத் திரும்பச் சுவரில் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

"மூணு."