மூடிய குழி

"இதுக்கு இலையும் இல்ல, வேரும் இல்ல. அப்ப யாரும்மா இதுக்கு ஊட்டி விடுறா?"

மூன்று வருஷத்துக்கு முன், மலைச்சரிவில் கிழங்கு தோண்டும்போது சாய்யூனின் மகள் நான்நான் கேட்டது. அப்போது அவளுக்கு ஆறு வயது. தின்ன வந்த பூஞ்சையையே தின்று வளர்கிற கிழங்கைப் பற்றிக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? "வேலையப் பாரு" என்று சாய்யூன் சொல்லிவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை. அவிப்புக் கொட்டிலில் ஆவிக்கு நடுவே நிற்கும்போதெல்லாம் வந்து போகும்.

இன்றும் வந்தது. தட்டிலிருந்து மருந்துக்குப் போகும் தியன்மாக் கிழங்கு ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். நடுவில் வெள்ளையாகத் திட்டுத் தெரியவில்லை. வெந்துவிட்டது. தட்டை இறக்கி உலர்த்தும் அறைப் பக்கம் தள்ளினாள். நான்கு அடுப்பில் இரண்டுதான் எரிந்தன. மற்ற இரண்டும் மூன்று நாளாகக் குளிர்ந்து கிடந்தன.

வாசல் கம்பிக்கு வெளியே உறைமழை தூறிக்கொண்டிருந்தது. முதுகுக் கூடைகளோடு இருபது முப்பது பேர் நின்றார்கள். முன்வரிசையில் ஹான் என்குவாங். பக்கத்துச் சரிவில் இருக்கும் மியாவ் இனத்துக்காரர். கூடையைத் தன் மழைத்தாளால் மூடிவிட்டு அவர் நனைந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, முந்தா நாளே வந்தீங்கல்ல?"

"ஆமா தங்கச்சி. வரிசை நகருதோ இல்லையோ, எனக்குத் தாடி நீண்டுடுச்சு."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "இன்னும் ரெண்டு நாள் நில்லு ஹான், கூடையிலயே பூத்துரும். பூவா வித்துட்டுப் போ!"

எல்லாரும் சிரித்தார்கள். ஹானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாளைத் தூக்கி ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்து, அவசரமாக உள்ளே வைத்தார். தோண்டிய கிழங்கை நாலு நாளுக்குள் அவித்தாக வேண்டும். தாண்டினால் ஓரம் பழுக்கும், தரம் இறங்கும். அது கம்பிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் தெரியும், உள்ளே கணப்பருகே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும்.

சாய்யூன் மேஸ்திரி லியாவிடம் போனாள். "மேஸ்திரி, ரெண்டு அடுப்பு சும்மாத்தானே கெடக்கு. சாப்பாட்டு நேரத்துல நான் ஹான் அண்ணனோடத அவிச்சுடறேன். கூலி வேண்டாம்."

"அடுப்பு உங்க வீட்டுதா?"

"அவரு வீட்டுல உடம்பு சரியில்ல. எழுந்து நின்னாலே தலை சுத்தி விழுந்துடறாங்க. திங்கக்கிழமை ஜில்லா ஆஸ்பத்திரியில சேக்கணும்."

லியாவ் கணப்பில் கையைக் காட்டியபடி குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு அடுப்பு போதும்னு மேலேருந்து சொல்லியிருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்? உன் எடத்துக்கு வர வெளிய எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணிப் பாத்தியா? போ, தட்ட எறக்கு."

சாய்யூனின் புருஷன் தூரத்துச் செஜியாங்கில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவன். இன்று வரை ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். அவள் போய்த் தட்டை இறக்கினாள்.

நாலாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், ஹானின் முறை வந்தது. லியாவ் ஒரு கிழங்கைக் குறுக்கே வெட்டினான். தோலுக்கு அடியில் தேநீர் நிறத்தில் மெல்லிய வளையம்.

"மூணாந்தரம்."

"ஐயா, வந்த அன்னைக்கு முட்டை மாதிரி வெள்ளையா இருந்துச்சு."

"அப்ப வந்த அன்னைக்கே வித்திருக்கணும்."

ஹான் எடை போட்ட சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு மேல்சட்டைப் பொத்தானைக் கழற்றி, வயிற்றோடு கட்டியிருந்த துணிப்பையை அவிழ்த்தார். குளிரில் உறைந்துவிடாமல் உடம்புச் சூட்டில் வைத்திருந்த விதைக்கிழங்குகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு. அவற்றைத் தராசுத் தட்டில் கொட்டினார்.

சாய்யூன் ஓடி வந்தாள். "அண்ணே, என்ன பண்றீங்க? விதையாச்சே!"

"ஆஸ்பத்திரியில கட்டறதுக்கு இன்னும் பத்தல."

"குழி வெட்டிக் கட்டையெல்லாம் அடுக்கிட்டீங்களே."

"அடுக்கினபடியே மூடிட்டேன். இந்த வருஷம் பூஞ்சை மட்டும் கட்டையத் தின்னுட்டுக் கெடக்கட்டும்." அவர் லியாவின் காதில் விழாதபடி குனிந்தார். "உங்க அண்ணிகிட்ட சொல்லிடாத, தங்கச்சி. நட்டாச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

விதைக்கிழங்குகள் தூளுக்குப் போகும் சாக்கில் விழுந்தன. குட்டையாக, கனமாக, கோழிக்குஞ்சு முட்டைக்குள் சுருண்டதுபோல இருக்கும் கறுப்புத் தண்டு ரகம். முன்பெல்லாம் அந்தப் பக்கத்தில் அதை வைத்திருந்தவர் ஹான் ஒருவர்தான். மற்றவர்களிடம் இருப்பது நீளமான சிவப்புத் தண்டு ரகம்.

சாய்யூனுக்கு அந்த ரகம் பழக்கமானது தன் குழியிலேயேதான். புருஷன் விழுந்த வருஷம், மனசு கேட்காமல் கோடையில் தன் குழியைத் திறந்து பார்த்தவள் அவள். நட்டு மூடிய குழியை அடுத்த குளிர்காலம் வரை யாரும் திறக்க மாட்டார்கள். திறந்தால் கட்டையையும் கிழங்கையும் சேர்க்கும் பூஞ்சையின் கறுப்பு நூல்கள் அறுந்துவிடும். அறுந்தன. அவ்வளவும் அழுகியது. அந்தக் குளிர்காலத்தில் பொறுக்கித் தேறிய ஒரு கைப்பிடி விதையை நட்டுவிட்டு, இனி கொட்டில் வேலைதான் கதி என்று இறங்கி வந்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் தோண்டியபோது, அவளுடைய நீளக் கிழங்குகளுக்கு நடுவே குட்டைக் கிழங்குகள் கிடந்தன. ஒன்று, இரண்டு அல்ல, குழி நிறைய. நான்நான் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். சாய்யூன் ஒரு குட்டைக் கிழங்கைக் கையில் வைத்தபடி பக்கத்துச் சரிவைப் பார்த்தாள். ஹான் அங்கே குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். நிமிரவேயில்லை. அதன்பின் எத்தனையோ முறை வழியில் பார்த்தார்கள். மழை, உருளைக்கிழங்கு, பிள்ளைகள் என்று எல்லாம் பேசினார்கள். அதைப் பற்றி மட்டும் அவர் வாய் திறந்ததில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. மியாவ் ஜனங்கள் விடிந்ததுமே வேதக்கோவிலுக்குக் கிளம்பினார்கள். ஹான் பெண்சாதியை முதுகில் சுமந்து போவதைச் சாய்யூன் ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் தோளுக்கு மேல் அண்ணியின் தலை ஒருபுறமாகச் சாய்ந்திருந்தது.

சாய்யூன் அடுப்படி மூலையில் இருந்த ஈர மணலைக் கிளறினாள். தன் குழிக்கென்று வைத்திருந்த கறுப்புத் தண்டு விதைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். மணலுக்குள் சிவப்புத் தண்டு விதை மட்டும் மிஞ்சியது.

உருளைக்கிழங்கைத் தணலில் புரட்டிக்கொண்டிருந்த நான்நான் நிமிர்ந்தாள். "எங்கம்மா போற?"

"இதோ வந்துடறேன். கருக விட்டுடாத."

ஹானின் சரிவில் ஆள் இல்லை. கீழேயிருந்து பாட்டு, பல குரல்கள் ஒன்றாகச் சேர்ந்து, பனிமூட்டத்துக்குள் ஏறி வந்தது. சாய்யூன் மண்டியிட்டாள். மூடி நாலைந்து நாள்தான். நூல் இன்னும் பிடித்திருக்காது. இருந்தாலும் மண்வெட்டியைத் தொடாமல் விரலாலேயே மேல்மண்ணை ஒதுக்கி, சருகுகளை ஒவ்வொரு கொத்தாக எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

உள்ளே கருவாலிக் கட்டைகள் நான்கு விரல் இடைவெளியில் வரிசையாகக் கிடந்தன. கட்டைகளுக்கு நடுவே, விதை வைக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும், மண்ணில் விரலால் அழுத்திய சிறு பள்ளம். ஹானின் விரல் அவ்வளவு மெல்லியது அல்ல. எழுந்து நிற்க முடியாத அண்ணி, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து அழுத்தியிருக்கிறாள். அத்தனையும் காலியாக இருந்தன.

சாய்யூன் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு விதையாக வைத்துக்கொண்டே போனாள், முளைமுனை கட்டையைத் தொடும்படி. கடைசி வரிசையில் ஒன்பது பள்ளம் இருக்கும்போது கூடை தீர்ந்தது. அவற்றைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சருகைப் பரப்பி, மண்ணைத் தள்ளி, தன் முழங்கால் தடத்தையும் கையால் தடவி அழித்தாள்.

கீழே சாலையில் கொட்டிலின் லாரி தூள் சாக்குகளோடு வளைவில் திரும்பியது. பாட்டு முடிந்துவிட்டது. கோவிலிலிருந்து ஆட்கள் வருவதற்குள் அவள் காலிக் கூடையோடு வேறு வழியாக இறங்கினாள்.