ஹெரன் கிளப்பின் ஒரே சில்லு

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. அமெரிக்காவின் ரீனோவில், சேகரிப்பாளர் சந்தையில், ஒரு மேசைமேல் கிடந்தது. இரண்டு தட்டுகள். ஒன்றில் ‘நகல்’ என்று ஒட்டிய கேசினோச் சில்லுகள், சூதாட்டத்தில் பணத்துக்குப் பதில் வைக்கும் வட்டுகள்: நிஜச் சில்லைப் பார்த்துச் செய்தவை. மற்றதில் ‘கற்பனை’: இல்லவே இல்லாத கேசினோக்களுக்குச் செய்தவை. எதுவும் ஒட்டாத சில்லு ஒன்று தனியாக இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

2

“அன்று காலை வெர்னாவின் மனம் ஒரு…”

(வேண்டாம். அன்று அவளுக்கு மனத்தைப் பார்க்க நேரமில்லை.)

வெர்னா ஸ்டாட்விக் கேசினோவில் சீட்டுப் பிரித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். சந்தையில் ‘நகல்’, ‘கற்பனை’ ஸ்டிக்கர்களை ஒட்டும் பொறுப்பு அவளுடையது. சேகரிப்பாளன் லோவெல் ப்ரூயிட் தன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் அவள் ஸ்டிக்கர் தாளைக் கீழே வைத்தாள். பச்சைச் சில்லு. நடுவில் நாரை. ‘ஹெரன் கிளப்.’

“திறக்கறதுக்கு முந்தின வாரமே எரிஞ்சுபோன கேசினோ, வெர்னா! ஆறு வருஷம் தேடினேன். உலகத்துலயே இது ஒண்ணுதான். கேட்டலாக்ல போடறாங்க. இப்ப மேடையில சொல்லப்போறேன்.”

“எரிஞ்சுதுன்னு யாரு சொன்னா?”

“எந்தப் பேப்பர்லயும் பேரே இல்லையே! வேற என்ன ஆகியிருக்கும்?”

3

(லோவெலை முதலில் தற்பெருமைக்காரனாக எழுதினேன். அப்படியென்றால் வெர்னாவுக்கு வேலை சுலபம். அடித்துவிட்டேன். அவள் கணவன் இறந்த குளிர்காலம் முழுக்க அவள் வாசல் பனியை வாரிப்போட்டவன் இவன்.)

“லோவெல், அது நான் பண்ணது.”

“என்னது?”

“தொண்ணூத்தெட்டுல, விளையாட்டுக்கு. நாரை எங்க வீட்டுக்காரர் வரைஞ்சது. நாப்பது அடிச்சோம். ‘கற்பனை’ன்னு போடல. சோம்பல்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

“மீதி முப்பத்தொம்பது?”

“கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தோம். எங்கெங்க இருக்கோ.”

“நாளைக்குச் சொல்லியிருக்கலாம்ல?”

“நாளைக்கு கேட்டலாக் அச்சாயிடும்ப்பா.”

ஒலிபெருக்கி அவன் பெயரைக் கூப்பிட்டது.

4

வெர்னா ‘கற்பனை’ ஸ்டிக்கர் ஒன்றை உரித்தாள். அவன் உள்ளங்கையிலிருந்த சில்லைப் புரட்டி, பின்புறம் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். அவன் தடுக்கவில்லை. விரல்களை மூடிக்கொண்டு மேடைக்கு நடந்தான்.

முதல் முடிவு: உண்மையைச் சொல்கிறான், கைதட்டல். (இது என் ஆசை. ஆறு வருஷத்தை அவ்வளவு லேசாக யார் விடுவார்கள்?)

இரண்டாவது: நடக்கும்போதே நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டி… (பனி வாரிய கையை வைத்து இதை எழுத எனக்குக் கூசியது.)

இப்போது மைக் முன் நிற்கிறான். கை இன்னும் மூடியிருக்கிறது. வெர்னா அரங்கின் மறுகோடியில் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அங்கிருந்து ஒன்றும் தெரியாது. நீங்கள் முன்வரிசை. அவன் விரல்கள் விரியும்போது மேலே இருப்பது நாரையா, ஸ்டிக்கரா?

அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.